சார்ஜரைப் பரணிலிருந்து இறக்குங்கள், போனைச் சட்டைப் பையிலிருந்து எடுங்கள்

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் இரண்டும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 61 வயது, கணவருக்கு 67. மூன்று வருடத்துக்கு முன்னால் கணவர் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, இடது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அதை பேஸ்மேக்கர் என்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறார், காலையில் இன்டக்‌ஷன் அடுப்பில் காபி போடுவதே அவர்தானாம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் லீவுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஒரு புது போனும், வயர் சொருகாமல் மேலே வைத்தாலே சார்ஜ் ஆகும் ஸ்டாண்டும் வாங்கி வந்திருக்கிறார். போனின் முதுகில் காந்தம் இருக்கிறது, ஸ்டாண்டுக்குக் கிட்டே கொண்டுபோனதும் டப்பென்று ஒட்டிக்கொள்கிறது. மருமகளும் கூட வந்திருக்கிறார், ஐந்து மாதக் கர்ப்பம். இந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது: "வயர் இல்லாம கரண்ட் போகுதுன்னா, நடுவுல இருக்கிற நம்ம உடம்பு வழியாத்தான் போகுது." பயந்துபோனவர் ஸ்டாண்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு, ஆன்லைனில் 799 ரூபாய்க்கு 'கதிர்வீச்சை உறிஞ்சும்' ஸ்டிக்கர் ஒன்று வாங்கி, கணவர் போனின் பின்பக்கம் ஒட்டியும் விட்டார். மகன் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லப்போக, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு குறைந்துவிட்டது.

வயர் இல்லாமல் கரண்ட் எப்படி வருகிறது, அது நெஞ்சில் இருக்கும் கருவியை நிறுத்திவிடுமா, வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா, கொஞ்ச நாளில் வீட்டுக்கே காற்றில்தான் கரண்ட் வரப்போகிறது என்கிறார்களே அப்போது இவரை எங்கே வைத்துக் காப்பாற்றுவது, இவைதான் அவருடைய கேள்விகள். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இன்னும் இரண்டு விஷயம் இருக்கிறது. கணவர் அந்தப் போனை நாள் முழுக்கச் சட்டையின் இடது பையில் வைத்துக்கொள்கிறார், பாதுகாப்புக்காக ஃப்ளைட் மோடில் போட்டு. அப்புறம், இரண்டு தடவை அவர் நெஞ்சுப் பக்கமிருந்து பீப் என்று சத்தம் வந்திருக்கிறது. போன்தான் கத்துகிறது என்று விட்டுவிட்டார்கள்.

அம்மா,

நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் வரிசையை மாற்றிக்கொள்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவனுக்கு உங்கள் கடிதத்தில் சார்ஜர் பெரிதாகத் தெரியவில்லை, அந்தக் கடைசி இரண்டு வரிகள்தான் தெரிகின்றன. நீங்கள் பயப்பட்டது சரிதான், பயப்பட வேண்டிய பொருள்தான் வேறு.

முதலில் அந்தப் பீப் சத்தம்

இதைப் படித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். போனை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சின்ன கார்டு கொடுத்திருப்பார்கள், அதைத் தேடி எடுங்கள். கருவியின் பெயர், மாடல், சீரியல் நம்பர், பொருத்திய தேதி எல்லாம் அதில் ஆங்கிலத்தில் இருக்கும். பேஸ்மேக்கர் என்று மட்டும் போட்டிருக்கிறதா, அல்லது ஐசிடி, டிஃபிப்ரிலேட்டர், சிஆர்டி-டி என்று ஏதாவது இருக்கிறதா என்று மகனைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், பேஸ்மேக்கரும், ஷாக் கொடுக்கும் இந்த ஐசிடி வகைக் கருவிகளும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி தோலுக்கடியில் இருப்பதால் வீடுகளில் இரண்டையும் பேஸ்மேக்கர் என்றே சொல்லிவிடுகிறார்கள். பேஸ்மேக்கர் இதயத் துடிப்பு குறைந்தால் ஒரு சின்ன மின்துடிப்பு கொடுத்துத் தூண்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஐசிடி அதையும் செய்யும், கூடவே இதயத்தின் கீழறை தாறுமாறாக ஓட ஆரம்பித்தால் உள்ளேயிருந்தே ஷாக் கொடுத்து உயிரைக் காப்பாற்றும். சாதாரண பேஸ்மேக்கர் பெரும்பாலும் சத்தம் போடாது. ஐசிடிகளில் சில போடும். எப்போது போடும்? பேட்டரி தீரப்போகிறது என்றாலோ, இதயத்துக்குப் போகும் ஒயரில் கோளாறு என்றாலோ போடும். இன்னொன்று, காந்தம் கிட்டே வந்தாலும் போடும்.

உங்கள் வீட்டில் கேட்டது போனின் அலாரமாகவே இருக்கலாம், ஃப்ளைட் மோடில் இருந்தாலும் அலாரம் அடிக்கத்தானே செய்யும். ஆனால் மயங்கி விழுந்தவருக்குப் பொருத்திய கருவி, நெஞ்சிலிருந்து பீப், அதே இடத்தில் காந்தம் வைத்த போன் என்று மூன்றும் சேர்ந்து வரும்போது நான் அதை ஊகத்துக்கு விடமாட்டேன். நாளையோ மறுநாளோ, கருவி பொருத்திய ஆஸ்பத்திரிக்கே போய் 'டிவைஸ் செக்' வேண்டும் என்று கேளுங்கள். ஊசி, வலி எதுவும் கிடையாது. நெஞ்சின் மேல் ஒரு வட்டக் கருவியை வைத்து, கம்ப்யூட்டரில் உள்ளே இருப்பதையெல்லாம் படித்துவிடுவார்கள். பேட்டரி எவ்வளவு இருக்கிறது, ஒயர் சரியாக இருக்கிறதா, துடிப்பு எப்போதாவது தடுமாறியதா என்று எல்லாம் தெரியும், சில கருவிகளில் காந்தம் பட்ட விவரமும் பதிவாகியிருக்கும். பீப் சத்தம் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது என்று ஞாபகப்படுத்தி எழுதிக்கொண்டு போங்கள், ஏனென்றால் பேட்டரிக்கான எச்சரிக்கை பல கருவிகளில் தினமும் ஒரே நேரத்துக்கு வரும். இடையில் அவருக்குத் தலைசுற்றல், மயக்கம், ஷாக் அடித்த மாதிரி உணர்வு என்று எது வந்தாலும் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

காந்தம் அங்கே என்ன செய்கிறது

இந்தக் கருவிகளுக்குள் காந்தத்தை உணரும் ஒரு சுவிட்சை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மின்கத்தி உபயோகிக்கும்போது அதன் மின்னலைகளைக் கருவி இதயத் துடிப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்ளலாம், அதனால் வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஒரு காந்தத்தை நோயாளியின் நெஞ்சில், கருவிக்கு நேர் மேலே வைப்போம். பேஸ்மேக்கர் என்றால் அது உடனே இதயத்தைக் கவனிப்பதை நிறுத்திவிட்டு ஒரே சீரான வேகத்தில் தூண்டிக்கொண்டிருக்கும். நிற்காது. "காந்தம் பட்டால் நின்றுவிடும்" என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. ஐசிடி என்றால், காந்தம் மேலே இருக்கும் வரை ஷாக் கொடுக்கும் வேலையை மட்டும் விட்டுவிடும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி வேலைக்கு வந்துவிடும்.

தியேட்டரில் மானிட்டர் முன்னால் நாங்கள் தெரிந்தே செய்வதை, சட்டைப் பையில் இருக்கும் போன் யாருக்கும் தெரியாமல் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் பிரச்சினை. ஷாக் வசதி அணைந்திருப்பது அவருக்குத் தெரியாது, வலிக்காது, மூச்சு வாங்காது. அந்த நேரம் பார்த்து இதயம் தாறுமாறாக ஓடினால் கருவி சும்மா இருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2020 கடைசியில் ஐபோன் 12 வந்தபோது அதன் பின்பக்கம் காந்த வளையம் இருந்தது. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை மருத்துவர்கள், ஐசிடி பொருத்திய ஒருவரின் இடது நெஞ்சருகே அதைக் கொண்டுபோனதும் ஷாக் வசதி உடனே நின்றதையும், போன் அங்கே இருந்தவரை அப்படியே இருந்ததையும் பார்த்து 2021 ஜனவரியில் வெளியிட்டார்கள். ஐபோனைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே, போனை மருத்துவக் கருவியிலிருந்து 15 செ.மீ.க்கு மேலும், வயர்லெஸ் சார்ஜ் ஆகும்போது 30 செ.மீ.க்கு மேலும் தள்ளி வைக்கச் சொல்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2021-ல் சோதித்துப் பார்த்து, ஆபத்து குறைவுதான், ஆனாலும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள் என்றது. சட்டைப் பை என்றால் இடைவெளி ஒரு துணி கனம்தான்.

ஃப்ளைட் மோடு இதற்கு உதவாது அம்மா. அது போனின் சிக்னலை மட்டும் நிறுத்தும். காந்தம் நிரந்தரக் காந்தம், போனை முழுசாக அணைத்து வைத்தாலும், பேட்டரி செத்துப்போனாலும் அது காந்தம்தான். இயர்பட்ஸ் டப்பா, டேப்லெட் உறை, காந்தம் வைத்த போன் பர்ஸ், சட்டையில் காந்தத்தால் ஒட்டும் பெயர் அட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

ஒரு ஜாண், ஒரு முழம்

செ.மீ. கணக்கு அவருக்கு ஞாபகம் இருக்காது. இப்படிச் சொல்லிக் கொடுங்கள்: போன் கருவியிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, சார்ஜ் ஆகும் ஸ்டாண்ட் ஒரு முழம் தள்ளி. இரண்டுமே சொன்ன அளவைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் கவலையில்லை. போனைப் பேன்ட் பையில் வைக்கட்டும், வேட்டி கட்டினால் கையில் ஒரு சின்னப் பை. பேசும்போது வலது காதில். படுத்துக்கொண்டு வீடியோ பார்த்துவிட்டு போனை நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுத் தூங்கும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்தியாக வேண்டும்.

இதோடு அந்தக் காபி. இன்டக்‌ஷன் அடுப்பும் வயர் இல்லாமல் ஆற்றல் கடத்தும் கருவிதான், கண்ணாடித் தட்டுக்குக் கீழே சுருள், மேலே பாத்திரம், நடுவில் காந்தப்புலம். உங்கள் ஸ்டாண்ட் 15 வாட் என்றால் அடுப்பு 2000 வாட். பரணில் போட்டதைவிட நூறு மடங்குக்கு மேல் பலமானது சமையல் மேடையில் இத்தனை நாள் இருந்திருக்கிறது, அவரும் அதன் முன்னால் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்திருக்கிறார். அடுப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பிரிட்டனின் ஹார்ட் ஃபவுண்டேஷன் அடுப்புக்கும் கருவிக்கும் நடுவில் 60 செ.மீ., அதாவது இரண்டு அடி விடச் சொல்கிறது. நிமிர்ந்து நின்று கை நீட்டி வேலை செய்தால் அது கிடைத்துவிடும். பால் பொங்குகிறதா என்று குனிந்து எட்டிப் பார்ப்பதுதான் கூடாது.

சரி, கரண்ட் எப்படித்தான் வருகிறது?

ஸ்டாண்டுக்குள் செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய சுருள் ஒன்று இருக்கிறது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே இருக்கும் சர்க்யூட், ஒரு நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் திசை மாறுகிற மின்னோட்டமாக்கி அந்தச் சுருளில் விடுகிறது. மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும், மின்னோட்டம் திசை மாற மாற அந்தப் புலமும் மாறும். போனின் முதுகிலும் மெல்லிசாக ஒரு சுருள் இருக்கிறது. மாறுகிற காந்தப்புலம் ஒரு சுருளுக்குள் புகுந்தால் அந்தச் சுருளில் புதிதாக மின்னோட்டம் பிறக்கும், இதை மைக்கேல் ஃபாரடே 1831-லேயே கண்டுபிடித்துவிட்டார். போன் அதைப் பிடித்துப் பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆக, இடைவெளியைக் கடப்பது கரண்ட் இல்லை, காந்தப்புலம். ஸ்டாண்டில் ஓடும் கரண்ட் ஸ்டாண்டிலேயே இருக்கிறது, போனில் ஓடுவது போனிலேயே உருவானது.

அப்படியென்றால் உடம்பு வழியாக எதுவுமே போகாதா? அப்படிச் சொன்னால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஸ்டாண்டின் மேல் கையை வைத்தால் காந்தப்புலம் கைக்குள்ளும் போகும். சதையும் தோலும் அதைத் தடுப்பதில்லை. ஆனால் அது அங்கே என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வேகத்தில் மாறும் புலத்துக்கு உடம்பில் இரண்டு விளைவுகள் உண்டு. ஒன்று, திசுக்களில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தூண்டும், அது ரொம்ப அதிகமானால் நரம்பு சிலிர்க்கும். இன்னொன்று, சூடு. இரண்டுக்குமே பெரிய பலம் வேண்டும். அயனியாக்காத கதிர்வீச்சுக்கான சர்வதேச ஆணையம், பொதுமக்கள் இந்த அலைவரிசையில் இருக்கலாம் என்று வைத்திருக்கும் அளவு 27 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தின் பலத்தை அளக்கும் அலகு), அதுவும் பாதிப்பு தொடங்கும் அளவுக்கு ரொம்பக் கீழே, பாதுகாப்புக்காக இறக்கி வைத்த எண். ஸ்டாண்டின் புலமோ இரண்டு சுருள்களுக்கு நடுவில் உள்ள சில மில்லிமீட்டரில்தான் பலமாக இருக்கிறது. சுருளின் அளவைத் தாண்டித் தள்ளிப் போகப் போக, தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒரு பங்காகிவிடும். போனைக் கட்டைவிரல் அகலம் நகர்த்தி வைத்தாலே சார்ஜ் ஏறாமல் தகராறு பண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் இல்லாதபோது ஸ்டாண்ட் முழு வேகத்தில் ஓடிக்கொண்டும் இருப்பதில்லை. மேலே ஏதாவது இருக்கிறதா என்று அவ்வப்போது லேசாகத் தொட்டுப் பார்க்கும், சரியான போன் பதில் சொன்னால்தான் ஆற்றலை அனுப்பும்.

'கதிர்வீச்சு' என்ற சொல் புற்றுநோய் பயத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. எக்ஸ்ரே மாதிரி மரபணுவை உடைக்க ஒவ்வொரு துகளிலும் பெரிய ஆற்றல் வேண்டும். இந்தச் சார்ஜரின் அலைக்கு அதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிடவே பல கோடி மடங்கு கீழே. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011-ல் ரேடியோ அலைகளை '2பி', அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது உண்மைதான். அந்தக் குரல் பதிவுகளில் இது தவறாமல் வரும். அது முக்கியமாக மொபைலைக் காதோடு ஒட்டிப் பல வருடம் பேசியவர்களைப் பற்றிய, முடிவாகாத ஆய்வுகளை வைத்துச் சொன்னது, மேசையில் இருக்கும் சார்ஜரைப் பற்றியது அல்ல.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தோல் வழியாக வயரில்லாமல் ஆற்றலை உடம்புக்குள் அனுப்புவதை மருத்துவத்தில் நாங்களே செய்கிறோம். நம் முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்களே, காதுக்குப் பின்னால் வட்டமாக ஒட்டியிருப்பது ஒரு சுருள், தலைக்குள் தோலுக்கடியில் இன்னொரு சுருள். உள்ளே இருக்கும் கருவிக்குப் பேட்டரியே கிடையாது, ஆற்றலும் ஒலியும் தோலைத் தாண்டித்தான் போகின்றன. 2001-ல் அமெரிக்காவின் லூயிவில்லில் அபியோகார் என்ற செயற்கை இதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினார்கள், அதற்கும் ஆற்றல் தோலைத் துளைக்காமல் சுருள் வழியாகவே போனது. இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள் விழித்திருக்கும் நேரமெல்லாம் தலையில் மாட்டிக்கொண்டிருக்கும் ஒரு முறை இது.

மருமகளும் குழந்தையும்

இதில் உங்களை நான் முழுசாகவே ஆறுதல்படுத்த முடியும். மேசையில் சார்ஜர் இருப்பதால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு என்று சொல்ல ஆதாரம் இல்லை. மேலே சொன்ன தூரக் கணக்கே அதற்குக் காரணம், கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருந்து வயிறு வரைக்கும் வருவதற்குள் அந்தப் புலம் ஒன்றுமில்லாமல் போய்விடும். ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு சார்ஜ் போட வேண்டாம் என்பேன், அதற்கும் பெரிய காரணம் சூடுதான்.

சூடு என்றதும் சொல்ல வேண்டியது: கருவி பொருத்தாத மற்றவர்களுக்கு வயர்லெஸ் சார்ஜரில் உண்மையாக இருக்கும் ஆபத்து அது ஒன்றுதான். ஆற்றலில் ஒரு கணிசமான பங்கு போன் பேட்டரிக்குப் போகாமல் சூடாக வீணாகிறது, வயரில் சார்ஜ் போடுவதைவிட இது அதிகம். தலையணைக்கு அடியிலோ போர்வைக்குள்ளோ வைத்துச் சார்ஜ் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. போனுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் நாணயம், சாவி, ஏடிஎம் கார்டு மாட்டிக்கொண்டால் காந்தப்புலம் அந்த உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டிச் சூடாக்கும். தரமான ஸ்டாண்ட் இதை உணர்ந்து நின்றுவிடும், மலிவான போலிச் சரக்கில் அந்த வசதி இல்லாமல் போகலாம்.

799 ரூபாய் ஸ்டிக்கர்

அதை இன்றைக்கே உரித்து எடுங்கள். காசு போனதைக்கூட விடலாம். இந்த ஸ்டிக்கர்களில் பலவற்றில் உள்ளே உலோகத் தகடு இருக்கும், அதை போனின் முதுகில் ஒட்டி ஸ்டாண்டில் வைத்தால் நான் இப்போது சொன்ன சூடு அதிலேயே உண்டாகும். போன் டவரோடு பேசும் சிக்னலை அது மறைத்தால் போன் இன்னும் சத்தமாகக் கத்த, அதாவது கூடுதல் பவரில் அலையை அனுப்பத்தான் பார்க்கும். பாதுகாப்பு என்று ஒட்டியது நேர் எதிராக வேலை செய்கிறது. காந்தத்தை அது துளியும் குறைக்காது.

இதைவிட மோசமும் உண்டு. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, கதிர்வீச்சைத் தடுக்கும் என்று சொல்லி விற்ற பதக்கம், கைவளையம், கண் கவசம் மாதிரியான பத்துப் பொருட்களைச் சோதித்து, அவற்றிலிருந்தே கதிரியக்கம் வருகிறது, போடாதீர்கள் என்று எச்சரித்தது. இல்லாத கதிர்வீச்சுக்குப் பயந்து நிஜக் கதிர்வீச்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட கதை. உங்கள் ஸ்டிக்கர் அப்படியென்று நான் சொல்லவில்லை. ஆனால் நிரூபிக்க முடியாத மருத்துவப் பலனைச் சொல்லி விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரம். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வீட்டுக்கே காற்றில் கரண்ட் வருமா?

இந்த ஆசை நூறு வருடத்துக்கு மேல் பழையது. நிகோலா டெஸ்லா 1901-ல் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வார்டன்கிளிஃப் என்ற இடத்தில் பெரிய கோபுரம் கட்ட ஆரம்பித்தார், வயரில்லாமல் செய்தியும் மின்சாரமும் அனுப்புவது அவர் கனவு. பணம் கொடுத்த வங்கி முதலாளி ஜே.பி. மார்கன் கையை விரித்துவிட்டார், 1917-ல் கோபுரத்தை இடித்தார்கள். 2007-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மரின் சோல்யாச்சிச் குழுவினர் இரண்டு மீட்டர் தள்ளி 60 வாட் பல்பை எரியவைத்தார்கள். இரண்டு பெரிய சுருள்களையும் ஒரே அதிர்வெண்ணுக்குப் பொருத்தி வைத்தால் தூரத்திலும் ஒன்றின் ஆற்றலை மற்றது வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அனுப்பியதில் போய்ச் சேர்ந்தது சுமார் 40 சதவீதம்தான், பாதிக்கு மேல் வீண்.

அதற்கு மேல் தூரம் என்றால் காந்தப்புலம் உதவாது, மைக்ரோவேவ் அல்லது லேசர் கற்றையாகத்தான் அனுப்ப வேண்டும். 1975-ல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் அனுப்பிக் காட்டியிருக்கிறார்கள். 2025-ல் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான டார்பா, நியூ மெக்சிகோவில் லேசர் மூலம் 8.6 கிலோமீட்டருக்கு 800 வாட் அனுப்பியது. ஒரு மிக்ஸிக்குக் காணும், அதுவும் 30 நொடி. இந்தக் கற்றைகள் பலமானவை, லேசர் கண்ணைக் கெடுக்கும், மைக்ரோவேவ் அடர்த்தியாக இருந்தால் சதையைச் சூடாக்கும். அதனால்தான் ஆள் நடமாட்டமில்லாத சோதனைத் திடல்களில் செய்கிறார்கள், ஆளோ பறவையோ குறுக்கே வந்தால் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லாமல் எந்த நாட்டிலும் இதை ஊருக்குள் விட வாய்ப்பே இல்லை. விண்வெளியிலிருந்து சூரிய மின்சாரம் அனுப்பும் ஆராய்ச்சியும் நடக்கிறது, 2023-ல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகம் தன் செயற்கைக்கோளிலிருந்து அனுப்பிய சிறு அளவைப் பூமியில் உணர்ந்தார்கள். அவ்வளவுதான் இன்றைய நிலை. கம்பியில் அனுப்பினால் இதைவிட மிகக் குறைவாகவே வீணாகும்போது, பாதியைக் காற்றில் விட்டுவிட்டு உங்கள் தெருவுக்கு யாரும் கரண்ட் அனுப்பப்போவதில்லை. அவரை எங்கேயும் ஒளித்து வைக்க வேண்டாம்.

அவர் வாழ்நாளில் எதிர்ப்படக்கூடியது என்றால் மின்சாரக் கார்களுக்கான வயர்லெஸ் சார்ஜிங். தரையில் ஒரு சுருள், காருக்கு அடியில் ஒரு சுருள், 11 கிலோவாட் வரை. அப்படியொரு கார் சார்ஜ் ஆகும்போது விழுந்த சாவியை எடுக்க அடியில் தலையை நீட்டக் கூடாது, அது ஒன்றை இப்போதே சொல்லி வையுங்கள்.

மகனிடம் என்ன சொல்வது

சார்ஜரைப் பற்றி அவர் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அப்பாவுக்கு வாங்கிய போனில் காந்தம் இருக்கிறது என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும், போன் பெட்டியில் இருக்கும் பாதுகாப்புக் குறிப்பில் மருத்துவக் கருவிகளைப் பற்றி எழுதியிருப்பார்கள், அதைக் காட்டுங்கள். உங்கள் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளியதில்தான் சட்டைப் பை விஷயம் இருவர் கண்ணிலும் படாமல் போனது. லீவு முடிந்து கிளம்பும் முன் அப்பாவை டிவைஸ் செக்குக்கு அவரே கூட்டிப்போகட்டும்.

போனை மாற்ற வேண்டுமா என்று அங்கே கேளுங்கள். என் அபிப்பிராயம், கார்டில் பேஸ்மேக்கர் என்று இருந்தால் ஒரு ஜாண் கணக்கே போதும், இதே போனை வைத்துக்கொள்ளலாம். ஐசிடி என்று இருந்து, அவர் மறதியாக மறுபடி மறுபடி நெஞ்சுப் பையிலேயே போடுகிறவர் என்றால், மகன் மனம் நோகாமல் காந்தம் இல்லாத போனுக்கு மாற்றிவிடுவது நல்லது. ஸ்டாண்டைப் பரணிலிருந்து இறக்கி ஹாலில், அவர் சாய்ந்து உட்காரும் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். ஸ்மார்ட் வாட்ச் அணிந்தால் வலது கையில். சோதனை முடிந்ததும் கார்டில் இருக்கும் கருவியின் பெயரையும், பீப் சத்தத்துக்கு என்ன காரணம் சொன்னார்கள் என்பதையும் எனக்கு எழுதுங்கள், பேட்டரி என்று சொல்லியிருந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தனியாகப் பதில் அனுப்புகிறேன்.